சோதனையின் சுமை யாருக்கு?

பண்டை அரண்மனைகளில் அரசனுக்கென ஆக்கிய உணவை அரசன் அப்படியே உண்டுவிடுவதில்லை. அதில் நஞ்சு கலந்திருக்குமோ என்னும் அச்சம் எந்நாளும் இருந்தது. ஆகவே அவ்வுணவை முதலில் வேறெதன்மீதாவது சோதித்துப் பார்த்தார்கள். கௌடலியரின் பெயரால் வழங்கும் அர்த்தசாத்திரம் இதற்கென ஒரு முறையையே வகுத்துக் காட்டுகிறது. அரசனின் உணவில் ஒரு பகுதியை நெருப்பில் இட வேண்டும். பறவைகளுக்கு வைக்க வேண்டும். சமைத்தவனும் சுவைத்துக் காட்ட வேண்டும். மருந்தாயின், அதனை ஆக்கியவனும் கொண்டுவந்த மருத்துவனும் முதலில் தாமே சுவைத்துக் காட்டிய பின்னரே அரசனிடம் அளிக்க வேண்டும்.

இம்முறையை நாம் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். நெருப்புக்கு வலி இல்லை. பறவைக்கு வலி உண்டு. ஆயின் அதனைச் சொல்ல வாய் இல்லை. சமையற்காரனுக்கு வலியும் உண்டு, வாயும் உண்டு; ஆயின் மறுக்கும் உரிமை இல்லை. மருந்தை ஆக்கியவனோ தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்று அதனைச் சுவைக்கிறான். நஞ்சை அறிவதற்கு மனிதன் இன்றுவரை கையாண்டுவரும் வழிகளெல்லாம் ஏறத்தாழ இந்நான்கினுள் அடங்கிவிடுகின்றன எனலாம். ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தும் கேள்வி மாறவில்லை. சோதனையின் சுமையை யார் சுமப்பது?

இன்று நாம் அனைவரும் ஒருவகையில் அந்த அரசனின் நிலையிலேயே இருக்கிறோம். காய்ச்சலுக்கு விழுங்கும் மாத்திரை, பல் துலக்கும் பசை, துணி வெளுக்கும் தூள், பயிருக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லி என எத்தனையோ இரசாயனப் பொருள்களை நாள்தோறும் தொடுகிறோம், உண்கிறோம், சுவாசிக்கிறோம். நமக்கு முன்னே யாரோ ஒருவர் உண்டு காட்டியிருக்கிறார் என்னும் நம்பிக்கையே நம்மை அச்சமின்றி வாழவைக்கிறது. அந்த ‘யாரோ’ யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

வரலாறு அதற்கு விடை கூறுகிறது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனம், சல்பானிலமைடு என்னும் மருந்தைக் குழந்தைகளும் விரும்பிக் குடிக்கத்தக்க இனிய நீர்மமாக விற்க எண்ணியது. டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் கரைப்பானில் அதனைக் கரைத்தது. சுவை நன்றாக இருக்கிறதா, மணம் நன்றாக இருக்கிறதா, நிறம் நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் சோதித்தது. நஞ்சா இல்லையா என்பதை மட்டும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டுமென்று சட்டமும் அன்று வற்புறுத்தவில்லை. அந்தக் கரைப்பானே நஞ்சாக இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டம் அடுத்த ஆண்டே, 1938இல், பிறந்தது.

1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற தாய்மாரின் குமட்டலுக்கும் அதனைக் கொடுத்தார்கள். 1961ஆம் ஆண்டின் இறுதியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள், பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்துவிட்டன. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் மருத்துவ அதிகாரி, காட்டிய சான்றுகள் போதா என்று கூறி அனுமதி மறுத்து நின்றமையால் அந்நாடு பெருமளவு தப்பியது. சோதிக்காமல் விடுவது இரக்கமாகாது என்னும் உண்மையை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன. ஆய்வுக்கூடத்தில் நடைபெறாத சோதனை வீட்டிலும் வயலிலும் தாயின் வயிற்றிலும் நடைபெறுகிறது. அங்கே சோதிக்கப்படுகிறவர் தாம் சோதிக்கப்படுவதை அறிவதுகூட இல்லை.

ஆகவேதான் உலகம் பறவையின் பக்கம் திரும்பியது. எலி, முயல், நாய், குரங்கு ஆகியவை மனிதனுக்காக நஞ்சுண்ணும் நிலைக்கு ஆளாயின. ஒரு கூட்டத்தில் பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு எவ்வளவு என்று கணக்கிடும் முறை 1927இல் வகுக்கப்பட்டது. முயலின் கண்ணில் இரசாயனப் பொருளை இட்டு, அக்கண் படும் பாட்டைப் புள்ளியிட்டு அளக்கும் முறை 1944இல் வெளிவந்தது. இவற்றைச் செய்தவர்கள் கொடியவர்கள் என்று நாம் எளிதில் தீர்ப்புக் கூறிவிடலாகாது. மாண்ட குழந்தைகளின் நினைவு அவர்கள் முன் நின்றது. ஆயினும் முயலின் வலி வலியாகவே இருந்தது. கொல்லாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், ‘பிறிதோர் உயிரின் துன்பத்தில் நமது நலத்தை நாட்டலாமா?’ என்னும் கேள்வியைப் புறந்தள்ள இயலாது.

பறவை தரும் சான்று எப்போதும் பொய்யாத சான்றா என்றால், அதுவும் இல்லை. 1993இல் அமெரிக்காவில் பியாலுரிடின் என்னும் மருந்தை, ஈரல் அழற்சி நோயுற்ற 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளும் நாய்களும் குரங்குகளும் அம்மருந்தைத் தாங்கியிருந்தன. மனிதர்களுக்கோ சில வாரங்கள் சென்றபின் ஈரல் செயலிழக்கத் தொடங்கியது. ஐவர் மாண்டனர், இருவர் மாற்று ஈரல் பொருத்தப்பெற்றுப் பிழைத்தனர். மனித உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவினுள் அம்மருந்தைக் கொண்டுசேர்க்கும் வாயில், எலியின் உயிரணுவில் அவ்வாறு அமைந்திருக்கவில்லை என்பது பின்னரே தெரியவந்தது. எலி பொய் சொல்லவில்லை. அது தன் உடலைப் பற்றி உண்மை சொன்னது. நாம்தான் அதனை மனித உடலைப் பற்றிய உண்மையாக எடுத்துக்கொண்டோம்.

இங்கிலாந்தின் ரசல், பர்ச் என்னும் இரு அறிஞர்கள் 1959இல் வெளியிட்ட நூலில் ஆய்வாளர்களுக்கு மூன்று கடமைகளை வகுத்தார்கள். இயலுமாயின் விலங்குக்கு மாற்றைத் தேடுக. இயலாவிடின் எண்ணிக்கையைக் குறைத்திடுக. அதுவும் இயலாவிடின் வலியையேனும் தணித்திடுக என்பனவே அவை. முதற் கடமையை நிறைவேற்றுவதற்கு அன்று போதிய வழியில்லை. வலியறியாத நெருப்பைப்போன்றதொரு சோதனைக் கருவி, அதே வேளையில் மனித உடலின் மொழியைப் பேசுவதாகவும் இருக்க வேண்டும். அப்படியொன்று எங்கே கிடைக்கும்?

அதற்கு விடையாக நம் காலத்தில் வந்திருப்பதே ஆர்கனாய்டு. இதனைச் சிற்றுறுப்பு என்று நாம் அழைக்கலாம். நம் உடலின் ஈரல், குடல், சிறுநீரகம் முதலியவை யாவும் குருத்தணுக்கள் எனப்படும் மூல உயிரணுக்களிலிருந்தே வளர்ந்தவை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்யா யமனாக்கா, முதிர்ந்த உயிரணுவை மீண்டும் குருத்தணு நிலைக்குத் திருப்பலாம் என்று 2006இல் சுண்டெலியிலும் 2007இல் மனிதரிலும் காட்டினார். அதற்காக 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்சும் தோஷிரோ சாட்டோவும், சுண்டெலியின் குடலிலிருந்து எடுத்த ஒரே ஒரு குருத்தணு, தக்க சூழலில் குடலின் மடிப்புகளைப்போல் தானே அமைந்து வளர்வதை 2009இல் வெளியிட்டனர். 2013இல் ஜப்பானியர் ஈரலின் மொட்டை வளர்த்தனர். அதே ஆண்டில் வியன்னாவில் மேடலின் லான்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும், நான்கு மில்லிமீட்டர் வரை வளர்ந்த மூளைச் சிற்றுறுப்பை உருவாக்கினர்.

அளவில் இவை கடுகு, மிளகு போன்றவையே. ஆயின் மனிதனின் உயிரணுக்களால் ஆனவை. இவற்றைச் சிறு கிண்ணங்களில் வைத்து மருந்தைச் சொட்டினால், மனித ஈரல் எவ்வாறு துன்புறுமோ அதன் சாயலை இவற்றில் காணலாம். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே விற்பனைக்கு வந்த 238 மருந்துகளை ஈரல் சிற்றுறுப்புகளில் இட்டுப் பார்த்தனர். ஈரலைக் கெடுப்பவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ 89ஐக் கெடுப்பவை என்றும், கெடுக்காதவற்றுள் ஏறத்தாழ 89ஐக் கெடுக்காதவை என்றும் அச்சோதனை சரியாக இனங்கண்டது. 2016இல் ஜிக்கா நுண்கிருமி பரவியபோது, அது வளரும் மூளையை எவ்வாறு தாக்குகிறது என்பதை மூளைச் சிற்றுறுப்புகளே காட்டின. எந்தத் தாயையும் எந்தச் சேயையும் துன்புறுத்தாமல் கிடைத்த அறிவு அது.

சட்டமும் மெல்ல அசைந்திருக்கிறது. விலங்குகளில் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முற்றாகத் தடைசெய்தது. புதிய மருந்தை விலங்கில் சோதித்தே ஆகவேண்டும் என்றிருந்த விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கி, உயிரணுக்களைக் கொண்டு செய்யும் சோதனைகளுக்கும் இடமளித்தது. சில வகை மருந்துகளில் விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் கைவிடும் திட்டத்தை, அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் அறிவித்தது.

‘மனித உறுப்பைக் கிண்ணத்தில் வளர்ப்பதா? அருவருப்பாக இருக்கிறதே!’ என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இந்த உணர்ச்சியை நாம் இகழ வேண்டுவதில்லை. எனினும் இதனையே அறத்தின் அளவுகோலாகக் கொள்ளவும் இயலாது. வெட்டியெறியும் நகமும் உதிரும் மயிரும் மனிதனுடையவையே. அவற்றுக்காக யாரும் இரங்குவதில்லை. ஒரு பொருள் நம்மைப்போல் தோன்றுவதனால் அதனைத் துன்புறுத்தல் பாவமாவதில்லை. அதற்குத் துன்பம் உண்டு என்பதனாலேயே பாவமாகிறது. ஈரலின் ஒரு துளிக்கு நரம்பில்லை, நினைவில்லை, அச்சமில்லை. துன்பமறியும் முயலையும் துன்பமறியாத இத்துளியையும் ஒருசேர வைத்து, எதன்மேல் நஞ்சைச் சொட்டலாம் என்று கேட்டால், விடைகூற நெடுநேரம் தேவையில்லை. எங்கெல்லாம் இத்துளி உண்மையைச் சொல்லுமோ, அங்கெல்லாம் இதனைப் பயன்படுத்துவது கடமை என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் இத்துடன் கேள்வி தீர்ந்துவிட்டது என்று எண்ணி ஓய்ந்துவிடலாகாது. மூன்று இடங்களில் நாம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, சிற்றுறுப்பு உறுப்பும் அன்று, உடலும் அன்று. நூற்றுக்கு 89 சரி என்றால் 11 தவறு என்பது பொருள். அதில் இரத்த ஓட்டம் இல்லை. ஈரலில் உருமாறிய மருந்து சிறுநீரகத்தைச் சென்று தாக்குமாயின், தனித்து நிற்கும் ஈரல் துளி அதனை அறியாது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேரும் நஞ்சை, சில வாரமே நோக்கப்படும் துளி எவ்வாறு காட்டும்? விலங்கில் சோதித்த மருந்தே மனிதரைக் கொன்றது என்று கண்டோம். அதே பிழையைப் புதிய கருவியைக் கொண்டும் செய்யக்கூடாது. ‘சோதித்தாயிற்று’ என்னும் சொல், எதனைச் சோதித்தோம், எதனைச் சோதிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதே நேர்மையான சொல்லாகும். மேலும், இத்துளிகள் பெரும்பாலும் வளர்வது சுண்டெலியின் கட்டியிலிருந்து எடுக்கப்படும் ஒரு கூழ்மத்தில் என்பதை அறிந்தோர் சிலரே. விலங்கை விடுவிக்கும் வழியும் இன்னும் விலங்கின்மேல்தான் செல்கிறது. இதனை மறைத்துப் பெருமை பேசுவதைவிட, மாற்றுக் கூழ்மத்தை விரைந்து தேடுவதே சிறப்பு.

இரண்டாவது, இத்துளி யாருடையது? 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லேக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று அவ்வாண்டே இறந்தார். அவரைக் கேளாமலேயே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஆய்வுக்கூடத்தில் அழியாமல் பெருகின. இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி ஆய்வு முதல் எண்ணற்ற பணிகளுக்கு உலகெங்கும் பயன்பட்டன, விற்கவும்பட்டன. குடும்பத்தார்க்கு இச்செய்தி இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது. அவ்வணுக்களைக் கொண்டு வாணிகம் செய்த ஒரு நிறுவனத்தோடு அவருடைய வழித்தோன்றல்கள் 2023இல்தான் உடன்பாடு கண்டனர். துளிக்கு வலி இல்லை என்பது உண்மை. துளியைத் தந்தவருக்கு மானம் உண்டு என்பதும் உண்மை. ‘உங்கள் தோலில் சிறிது தாருங்கள், இன்னதற்குப் பயன்படுத்துவோம், இவ்வளவு காலம் வைத்திருப்போம், வேண்டாமெனில் மறுக்கலாம்’ என்று அவருக்குப் புரியும் மொழியில் கேட்பது ஒரு சடங்கன்று. சமையற்காரனுக்கு அன்று மறுக்கப்பட்ட உரிமை அதுவே.

மூன்றாவதே யாவற்றினும் கடினமானது. ஈரலும் குடலும் உணர்வதில்லை என்று துணிந்து கூறினோம். மூளையைப் பற்றி அவ்வாறு கூற இயலுமா? வளரும் குழந்தையின் மூளையை எந்தெந்த இரசாயனங்கள் கெடுக்கும் என்பதை அறிய மூளைச் சிற்றுறுப்புகள் பெரிதும் உதவுகின்றன. கலிபோர்னியாவில் பல மாதங்கள் வளர்க்கப்பட்ட இத்தகைய துளிகளிலிருந்து எழுந்த மின்னலைகளை, குறைமாதக் குழந்தைகளின் மூளை அலைகளோடு ஒப்பிடத்தக்கனவாக 2019இல் ஆய்வாளர்கள் கண்டனர். அலை எழுவதனாலேயே அங்கே உணர்வு இருக்கிறது என்று ஆகிவிடாது. இத்துளிகள் வலியை உணர்கின்றன என்பதற்குச் சான்று ஏதும் இல்லை என்றே, குருத்தணு ஆய்வாளர்களின் அனைத்துலகக் கழகம் 2021இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. ஆயின் இங்கே ஒரு முரண் ஒளிந்திருப்பதை நாம் காண வேண்டும். மூளைத் துளி மனித மூளையை எவ்வளவு ஒத்திருக்கிறதோ, அவ்வளவுக்குச் சிறந்த சோதனைக் கருவியாகிறது. எவ்வளவு ஒத்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அதனைக் கருவியாகக் கொள்ளும் நமது உரிமையும் தேய்கிறது. அதன் பயனும் அதன் ஆபத்தும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. நெருப்பு என்று நாம் நம்பியது என்றேனும் ஒருநாள் பறவையாக மாறிவிடுமாயின், அதனை யார் கண்டு சொல்வது? அந்நாள் வந்தபின் கூடிப் பேசுவதைவிட, எந்த அளவுக்குமேல் வளர்ப்பதில்லை என்பதை முன்னரே வகுத்துக்கொள்வதும், ஐயம் எழுமிடத்தில் ஐயத்தின் பலனை அத்துளிக்கே அளிப்பதும் அறிவுடைமையாகும்.

இம்மூன்றுக்கும் நாம் விடை கண்டுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்று எஞ்சி நிற்கிறது. சோதனை கூறும் உண்மைக்குச் செவிசாய்ப்பார் வேண்டும்.

ஜப்பானின் மினமாட்டா ஊரில் 1956இல் நரம்பைத் தாக்கும் ஒரு கொடிய நோய் கண்டறியப்பட்டது. சிஸ்ஸோ என்னும் இரசாயன ஆலையின் மருத்துவர் ஹொசொகாவா, அவ்வாலையின் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்து வந்தார். 1959 அக்டோபரில் அப்பூனைக்கும் அந்நோய் வந்தது. சோதனை தெளிவாகப் பேசிவிட்டது. ஆலையோ அம்முடிவை வெளியிடாமல் மறைத்தது. 1968 வரை பாதரசம் கலந்த கழிவு கடலில் சென்றுகொண்டேயிருந்தது. மீனை உண்ட மக்கள் நோயுற்றுக்கொண்டேயிருந்தனர். அந்தப் பூனையின் துன்பம் இருமுறை வீணாயிற்று எனலாம். அது துன்புற்றதும் வீண், உண்மை சொன்னதும் வீண்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பானதொரு வரலாறு உண்டு. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, விழுங்கினால் நுரையீரலை அழிக்கும் கடும் நஞ்சென்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. மலேசியத் தோட்டங்களில் அதனை முதுகிலும் தோளிலும் சுமந்து தெளித்தவர்களுள் நம் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். 2002இல் அதனை நீக்குவதென அரசு முடிவு செய்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளில்தான் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இங்கே குறைவாக இருந்தது அறிவன்று. அறிந்ததன் சுமையை யார் தோளில் வைப்பது என்னும் முடிவே பிழையாக இருந்தது. எத்துணை நுட்பமான சிற்றுறுப்பைக் கிண்ணத்தில் வளர்த்தாலும் இப்பிழையை அது திருத்தாது.

ஆகவே அர்த்தசாத்திரம் கூறும் நான்காவது சோதனையாளனை நாம் மறவாதிருத்தல் வேண்டும். மருந்தை ஆக்கியவன் தானே முதலில் சுவைக்க வேண்டும் என்னும் அவ்விதியை இன்று சொல்லுக்குச் சொல் பின்பற்ற இயலாது. அதன் உட்பொருளைப் பின்பற்றலாம். ஒரு பொருளால் பயனடைகிறவர் எவரோ, அவரே அதனைச் சோதிக்கும் செலவை ஏற்க வேண்டும். கண்ட முடிவை நலமாயினும் தீதாயினும் மறைக்காமல் வெளியிட வேண்டும். தீங்கு நேர்ந்தால் அதற்கு விடையிறுக்க வேண்டும். வலியறியாத துளி அவருக்குக் கிடைத்திருப்பது பெரும் பேறு. அப்பேறு அவருடைய பொறுப்பைக் குறைப்பதில்லை. எளிதில் சோதிக்க வழியிருந்தும் சோதிக்காமல் விற்கிறவருக்கு இனிச் சொல்லத்தக்க சாக்கு எதுவும் இல்லை.

நம் வகுப்பறைகளில் அறிவியலை ஒரு பாடவேளையிலும் நன்னெறியை வேறொரு பாடவேளையிலும் கற்பிக்கிறோம். இரண்டுக்கும் தனித்தனி நூல், தனித்தனித் தேர்வு. ஆயின் கிண்ணத்திலிருக்கும் இச்சிறு துளி, இரண்டையும் ஒருங்கே கற்றாலன்றித் தன்னை விளங்கிக்கொள்ள விடுவதில்லை. ‘இது நஞ்சா?’ என்று கேட்கும் மாணவன், ‘இதனை அறிவதற்காக யார் உண்டார்? அவரைக் கேட்டார்களா? அவர் சொன்னதைக் கேட்டார்களா?’ என்றும் தொடர்ந்து கேட்கப் பழகுவானாயின், நாளை அவன் மருந்தாளனானாலும் அதிகாரியானாலும் தோட்ட நிர்வாகியானாலும், தான் சுமக்க வேண்டிய சுமையை வாயில்லாதார் மேல் இறக்கிவைக்கத் தயங்குவான். அந்தத் தயக்கத்தை அவனிடம் வளர்ப்பது ஆசிரியராகிய நமது பணியாகும்.